அவள் மூக்கு, என் கை

மார்ச் 4, செவ்வாய்

இன்று மதியம் ஐந்து பாட்டில் திறந்தேன். ஐந்து தடவையும் கிளாஸைச் சுழற்றினேன், மூக்கை உள்ளே விட்டேன், கண்ணை மூடினேன், இரண்டு விநாடி கழித்துத் தலையை ஆட்டினேன். ஐந்தும் எனக்குச் சிவப்புத் தண்ணீர்.

ஜனவரிக் கடைசியில் வந்த காய்ச்சல் நாலே நாளில் போய்விட்டது. போகும்போது சும்மா போகவில்லை, என் மோப்பத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. வாரம் ஒன்று, இரண்டு என்று பார்த்தேன். ஐந்தும் ஆகிவிட்டது.

இருபத்தாறு வருஷமாக இதே உணவகத்தில் ஒயின் பரிமாறுகிறேன். எந்த பாட்டில் பக்குவத்துக்கு வந்துவிட்டது, எதை இன்னும் நாலு வருஷம் கிடங்கில் படுக்கவைக்க வேண்டும், எது கெட்டுப்போனது, எல்லாவற்றையும் மூக்கு என்னிடம் சொல்லும். நான் விருந்தாளியிடம் சொல்வேன். சமையலறையில் எனக்குப் பெயரே ‘மூக்கு’தான். “மூக்கு வந்தாச்சா?”, “மூக்குக்கு டீ போட்டாச்சா?” இப்போது அந்தப் பெயரால் கூப்பிடும்போதெல்லாம் திருடனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது போல இருக்கிறது.

யாருக்கும் தெரியாது. வீட்டில் மனைவியிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தெரிந்துவிட்டது.

அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். நான் அதே சமையலறையில், அடுப்புக்கு மூன்றடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் தலையில் துண்டோடு ஓடிவந்தபோது பாத்திரம் அடிப்பிடித்துக் கரியாகி, அறை முழுக்கத் தீய்ந்த வாடையாம். நான் இராசிபலன் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. உள்ளே போய்த் தன் வேலைப் பையைக் கொண்டுவந்தாள். அவள் சலவைக் கடையில் கறை எடுப்பவள். பையில் எப்போதும் நாலைந்து சின்னக் குப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து என் மூக்கடியில் நீட்டினாள். வினிகர். ஒன்றுமில்லை. ஸ்பிரிட். ஒன்றுமில்லை. கடைசியாக அம்மோனியா. கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனால் வாசனை வரவில்லை.

“எத்தனை நாளா?” என்றாள்.

சொன்னேன்.

“ஆறு வாரமா என் பக்கத்துல படுத்து எழுந்திருக்கீங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை?”

பிறகுதான் திட்டினாள், முறைப்படி, அரை மணி நேரம். மனசு லேசானது.

மார்ச் 12, புதன்

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அவளே இழுத்துக்கொண்டு போனாள். வரலாம், வராமலும் போகலாம் என்றார். அதைச் சொல்ல அவ்வளவு படிப்பு எதற்கு என்று வெளியே வந்து கேட்டேன். தினமும் காலையும் மாலையும் நாலு வாசனையை முகர்ந்து பழக வேண்டுமாம். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ். நாலு குப்பியில் போட்டு ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்திருக்கிறாள். நான் முகர்கிறேன். நாலு குப்பியும் என்னைப் பார்த்துச் சும்மா இருக்கின்றன.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

ஆறாம் மேசை. கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போல. நல்ல பிரெஞ்சு ரெட் ஒன்று வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். பன்னிரண்டு வருஷம் கிடங்கில் இருந்த ஒரு பாட்டிலை எடுத்துவந்தேன். முகர்ந்தேன், அதாவது முகர்வது போல நின்றேன். தலையாட்டினேன். அந்தப் பையனுக்குக் கொஞ்சம் ஊற்றிக் காட்டினேன். அவன் குடித்துவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தான். நான் சிரித்ததும் அவனும் சிரித்துவிட்டான்.

பாதி குடித்துவிட்டுப் போனார்கள். மீதியை செஃப் வாயில் வைத்தார். வைத்த வேகத்தில் துப்பினார்.

“என்ன மூக்கு இது? மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருக்கு. இதையா குடுத்தே?”

கார்க், அதாவது பாட்டிலின் தக்கை, கெட்டிருக்கிறது. நூறு பாட்டிலில் இரண்டு மூன்று இப்படி ஆகும். அந்த இரண்டு மூன்றைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவர்கள் எழுந்து போன பிறகுதான் தெரிந்தது என்று புளுகினேன். செஃப் நம்பினார். அவர் நம்பியதுதான் தாங்க முடியவில்லை.

அந்தப் பெண் போகும்போது என்னிடம் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 17, திங்கள்

அவளிடம் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “முதலாளியம்மாகிட்ட சொல்லிடுங்க” என்றாள். சொன்னால் வேலை போய்விடும் என்றேன். ஐம்பத்துமூன்று வயசில் மூக்கில்லாத ஒயின்காரனை எவன் சேர்ப்பான்? வேறு என்ன தெரியும் எனக்கு?

என் சட்டைக் காலரைத் தேய்த்து முடித்தாள். அப்புறம், “கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டாங்க” என்றாள்.

“எதை?”

“அந்த ஒயினைத்தான். உங்களுக்கு மூக்கு போச்சு. எனக்குப் போகலையே.”

மார்ச் 20, வியாழன்

இருமல் மருந்துக் குப்பிகளைக் கழுவி, மூன்று ஒயினில் இருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துவந்தேன். இவளுக்குக் குடிக்கப் பிடிக்காது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு, இதற்கு இருமல் மருந்தே தேவலை என்றவள். இன்றும் குடிக்க மாட்டேன், முகர்ந்துதான் பார்ப்பேன் என்று நிபந்தனை.

முதல் குப்பி. கண்ணை மூடிக்கொண்டாள். “பென்சில் சீவி வெச்ச டப்பா. ஸ்கூல் பையில இருக்குமே.”

நான் எழுந்தே விட்டேன். பிரான்ஸில் போர்தோ பக்கத்து ஒயின் அது. அந்த வாசனையைச் சொல்லத் தெரியாமல் வாயில் நுழையாத பெயர்களை எல்லாம் வைத்துக்கொண்டு பெரிய பெரிய ஆட்கள் திண்டாடுவார்கள். இவள் ஒரு மூச்சில் சொல்கிறாள்.

இரண்டாவது: “புது ஷூ வாங்கினா வர்ற பெட்டி. அப்புறம்... ஏதோ பழம், ரொம்பப் பழுத்தது.” சரி.

மூன்றாவதைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “சீ, ஈர அட்டை. கொட்டுங்க இதை.” அது ஆறாம் மேசை பாட்டிலின் மிச்சம். வேண்டுமென்றேதான் கலந்து வைத்திருந்தேன்.

கறை எடுக்கிற வேலையில் முதலில் முகர வேண்டுமாம். காபியா, மையா, மருந்தா என்று தெரியாமல் கைவைத்தால் துணி பாழ். முப்பது வருஷமாகத் தினமும் அதைத்தான் செய்கிறாள். நான் அறிந்த மூக்குகளிலேயே நல்ல மூக்கு, என் வீட்டுத் துணிகளை மடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. இருபத்துநாலு வருஷமாக நான் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது. கட்டிக்கொண்டேன். “ஒயின் கொட்டப்போகுது, விடுங்க” என்றாள்.

மார்ச் 29, சனி

தினமும் இரண்டு மூன்று குப்பி. காலையில் நான் திறந்து பார்க்க வேண்டிய பாட்டில்களை முதல் நாளே ஊசியால் கார்க்கில் துளைத்து, ஒரு சொட்டு எடுத்து வருகிறேன். அவள் சொன்னதைச் சீட்டில் குறித்து எடுத்துப்போகிறேன். களவாணித்தனம்தான். ஆனால் இதுவரை ஒரு கெட்ட பாட்டிலும் மேசைக்குப் போகவில்லை.

இன்று ஒரு குப்பிக்கு, “நம்ம முதல் வாடகை வீட்டு மாடிப்படி” என்றாள். எந்த வாசனையைச் சொல்கிறாள் என்று எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஈரச் சுண்ணாம்பு, கீழ்வீட்டுத் தோட்டத்துக் காளான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம்.

ஏப்ரல் 11, வெள்ளி

எங்கள் பழைய வாடிக்கைக்காரர், கண் டாக்டர், போன் செய்தார். இருபத்தாறாம் தேதி, சனிக்கிழமை மதியம் ஒரு மணி. “அந்தக் கடைசி பாட்டிலை எழுப்பிடலாம்” என்றார்.

சரி சார் என்றேன்.

அவருக்கு மகள் பிறந்த வருஷத்தில் போர்தோ ரெட் ஆறு பாட்டில் வாங்கி எங்கள் கிடங்கில் கொடுத்துவைத்தார். அப்போது நான் இங்கே இல்லை. ஆனால் மூன்றாவதில் இருந்து ஐந்தாவது வரை என் கையால்தான் திறந்தேன். மகள் பள்ளி முடித்தபோது ஒன்று, கல்லூரி சேர்ந்தபோது ஒன்று, டாக்டரின் மனைவி, நாங்கள் ‘அம்மா’ என்போம், பெரிய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியபோது ஒன்று. இப்போது இருப்பது ஆறாவது. மகள் வெளிநாட்டில் வேலைக்குப் போய் ஐந்து வருஷம் கழித்து முதல் முறையாக வருகிறாளாம். மூன்று பேரும் சேர்ந்து குடிக்க வேண்டும்.

இதற்கு ஊசியும் சொட்டும் ஆகாது. இருபத்தொன்பது வயசுக் கார்க். குத்தினால் உதிர்ந்து உள்ளே விழும். இது போனால் வேறு கிடையாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

என் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஐந்தாவது பாட்டிலைத் திறந்தது பத்து வருஷத்துக்கு முன்னால். என் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘திறந்ததும் முரடு. கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒன்றரை மணி நேரம் காற்று காட்டிய பிறகே இறங்கி வந்தது.’

அப்பாடா. இதே போலச் செய்தால் போதும். பதினொன்றரைக்குத் திறந்து குடுவையில் ஊற்றிவிட்டால் ஒரு மணிக்குச் சரியாக இருக்கும். நோட்டுக்கு மூக்கு தேவையில்லை.

அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, “பத்து வருஷத்துக்கு முன்னாடி நீங்க கூட முரடுதான்” என்றாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவள் சொன்னது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பத்து வருஷம். மூக்கு இருந்திருந்தால் நோட்டைத் தொட்டிருக்கவே மாட்டேன். திறந்ததும் ஒரு மோப்பம். முரடு என்றால் காற்று காட்டுவேன், வயசாகித் தளர்ந்திருந்தால் உடனே ஊற்றுவேன். தளர்ந்த ஒயினுக்குக் காற்று ஆகாது. அதிகம் போனால் அரை மணி தாங்கும், அப்புறம் செத்துவிடும்.

இப்போது எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 20, ஞாயிறு

அவளை வரச் சொல்லிக் கேட்டேன். அவ்வளவு பெரிய இடத்தில் நான் எங்கே வந்து நிற்பது, என்னத்தைக் கட்டிக்கொண்டு வருவது, யாராவது நீ யார் என்றால்? ஆயிரம் கேள்வி. சனிக்கிழமை மேசை விரிப்புகளை எப்படியும் உங்கள் கடையில் இருந்துதானே யாராவது கொண்டுவருகிறார்கள், அந்த யாராவது நீயாக இரு என்றேன்.

அந்த விரிப்புகளால்தான் எங்களுக்குப் பழக்கமே. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒயின் கறையோடு ஒரு விரிப்பைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் வந்து, “இந்த சிவப்பு ஊத்தறவர் யாருங்க? கை நடுக்கமா அவருக்கு?” என்று கேட்டாள். நான்தான் என்றேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் வேண்டுமென்றே சிந்தினேன்.

இதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். “சரி, வர்றேன்.”

ஏப்ரல் 24, வியாழன்

பாட்டிலைப் படுக்கையில் இருந்து எழுப்பி நிமிர்த்தி வைத்தேன். இரண்டு நாள் நின்றால் வண்டல் அடியில் தங்கும். தோளில் தூசி. துடைக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

பதினொன்றே காலுக்கு அவள் விரிப்பு மூட்டையோடு பின்வாசல் வழியாக வந்தாள். கடை ஏப்ரனோடுதான். சாமான் அறையில் நானும் அவளும் பாட்டிலும். இரட்டைத் தகடு உள்ள திறப்பானைக் கார்க்கின் இரண்டு பக்கமும் மெல்ல இறக்கி, திருகித் திருகி எடுத்தேன். முழுசாக வந்தது. கை நடுங்கவில்லை. அதையாவது பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பாட்டிலைக் குலுக்காமல் கிளாஸில் ஒரு கட்டைவிரல் அளவு விட்டு அவளிடம் கொடுத்தேன். குடுவையை எடுத்துத் தயாராக வைத்தேன். நோட்டுப்படி அடுத்த வேலை அதுதான்.

“இருங்க” என்றாள்.

கிளாஸைக் கீழே வைக்கவே இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை முகர்ந்தாள். முதலில் ஒன்றும் இல்லை, பூட்டின வீடு போல என்றாள். பத்து நிமிஷம் கழித்து, யாரோ ஜன்னல் திறக்கிறார்கள் என்றாள். பன்னிரண்டு அடிக்கும்போது கண்ணை மூடினாள். முகம் மாறியது. மகன் பிறந்து முதல் தடவை கையில் வாங்கியபோது அந்த முகத்தைப் பார்த்தேன், அதற்குப் பிறகு நேற்றுதான்.

“என்ன, என்ன?” என்கிறேன்.

“மர அலமாரிக்குள்ள மாட்டின கோட்டு. ரொம்ப நாள் போட்டவரோட கோட்டு. பாக்கெட்ல காஞ்ச ரோஜா இதழ்.” கொஞ்சம் நின்று, “உங்களுக்கு இது தெரியாம போச்சே” என்று அழுதுவிட்டாள்.

பன்னிரண்டேகாலுக்கு மறுபடி முகர்ந்தாள். உதட்டைப் பிதுக்கினாள். குறைகிறது. பன்னிரண்டு இருபதுக்கு வெறும் புளிப்பு என்று கிளாஸை வைத்துவிட்டாள்.

அந்தக் குடுவையைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம். நோட்டை நம்பி ஊற்றியிருந்தால் ஒரு மணிக்குப் பிணத்தைத்தான் மேசைக்குத் தூக்கிப்போயிருப்பேன்.

அப்போது பார்த்து முதலாளியம்மா எட்டிப் பார்த்து, டாக்டரும் அம்மாவும் சீக்கிரமே வந்துவிட்டார்கள், மகள் விமானம் இறங்கிப் பிடித்த ரயில் ஒரு மணி நேரம் தாமதமாம், காத்திருப்பார்களாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவள் பாட்டிலின் கழுத்தருகே மூக்கை வைத்தாள். உள்ளேயும் ஜன்னல் திறந்துவிட்டது என்றாள்.

“இது காத்திருக்காதுங்க. போய் சொல்லுங்க.”

போய் நின்றேன். டாக்டர், அம்மா, மகளுக்காக ஒரு காலி நாற்காலி. இரண்டடி தள்ளி முதலாளியம்மா. இந்த ஒயினை இப்போதே குடித்துவிட வேண்டும், மகள் வரும்வரை தாங்காது என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“போன தடவை ஒன்றரை மணி நேரம் வெச்சீங்களே? நோட்டுல கூட எழுதினீங்க. இப்ப நீங்க முகர்ந்து பார்த்துதான் சொல்றீங்களா?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த மனிதர் நம்பியிருப்பார். ஆறாம் மேசைப் பையனும் அப்படித்தானே நம்பினான். என் முகத்தைப் பார்த்துத்தான் அவன் சிரித்தான்.

“இல்ல சார். எனக்கு வாசனை தெரியாது. என் வீட்டுக்காரம்மா முகர்ந்து சொன்னா.”

“எத்தனை நாளா?” என்றார். இவள் கேட்ட அதே கேள்வி, அதே குரல்.

மூன்று மாதம் என்றேன். முதலாளியம்மா பக்கம் நான் திரும்பவே இல்லை.

அவங்களைக் கூப்பிடுங்கள் என்றார் டாக்டர். இவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். டாக்டர் அவளிடம், எவ்வளவு நேரம் இருக்கு என்று கேட்டார். பார்வை மங்கிக்கொண்டு வருகிற எத்தனை பேர் அவரிடம் அப்படிக் கேட்டிருப்பார்கள்.

“கிளாஸ்ல விட்டா அரை மணி சார். நடுவுல பத்து நிமிஷம் ரொம்ப நல்லா இருக்கும். அதை விட்டுடாதீங்க.”

டாக்டர் காலி நாற்காலியைப் பார்த்தார். அம்மாதான் தீர்த்துவைத்தார்கள். “ஊத்துங்க. பொண்ணுக்கும் சேர்த்து ஊத்துங்க.”

வண்டல் உள்ள பாட்டிலைச் சாய்த்தால் சாய்த்ததுதான். நடுவில் நிமிர்த்தினால் எல்லாம் கலங்கும். மூன்று கிளாஸையும் ஒட்டி வைத்து, ஒரே சாய்வில், மூச்சுப் பிடித்து ஊற்றினேன். அடியில் இரண்டு விரல் விட்டு நிறுத்தினேன். மூன்றாவது கிளாஸை இவள் ஒரு சின்னத் தட்டால் மூடினாள்.

சாப்பாடு இல்லை, ரொட்டி இல்லை. அவர்கள் இரண்டு பேரும் அவசரம் இல்லாமல் முகர்ந்தார்கள், குடித்தார்கள். அந்தப் பத்து நிமிஷம் வந்தபோது தூரத்தில் என்னோடு நின்றிருந்த இவள் என் கையைக் கிள்ளினாள். அதே நேரத்தில் அம்மா டாக்டரின் தோளில் சாய்ந்தார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை, எல்லாம் தெரிந்தது.

மகள் ஒன்றே முக்காலுக்குப் பெட்டியோடு ஓடிவந்தாள். இவள் தட்டைத் தூக்கி முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். போய்விட்டது. மகள் ஒரு வாய் குடித்து, பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்பாவுக்காகச் சொன்னாள். டாக்டர் முகம் விழுந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய ஒயின் காலிக் கிளாஸில் வெகு நேரம் நிற்கும். நான் டாக்டரின் காலிக் கிளாஸை எடுத்து மகளிடம் நீட்டினேன். குடிக்க வேண்டாம், முகர்ந்து மட்டும் பாருங்கள் என்றேன்.

முகர்ந்தாள். கிளாஸை முகத்தில் இருந்து எடுக்கவில்லை.

“அப்பா, உங்க கோட்டு அலமாரி” என்றாள். “நான் ஒளிஞ்சு விளையாடுவேனே, அது.”

யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் திரும்பி இவளைப் பார்த்தேன். விரிப்புகளை எண்ணுவது போல நின்றுகொண்டிருந்தாள்.

ஏப்ரல் 28, திங்கள்

முதலாளியம்மா கூப்பிட்டார்கள். நேற்றே ராஜினாமாவை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

மூக்கு போனதற்குக் கோபம் இல்லையாம். மூன்று மாதம் தலையாட்டினதற்குத்தான் கோபமாம். ஆறாம் மேசை விஷயத்தையும் நானே சொன்னேன். அது அவர்களுக்குத் தெரியாது. மேசையை ஒரு தட்டு தட்டினார்கள். என் மூக்கு உடைந்தது என்று சொல்லலாம், ஏற்கெனவே உடைந்ததுதான்.

பிறகு கேட்டார்கள்: “உங்க வீட்டுக்காரம்மாவுக்கு சனிக்கிழமை கடை உண்டா?”

ராஜினாமாவைப் பையில் இருந்து எடுக்கவே இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆறாம் மேசைக்காரர்களைத் தேடிப்பிடித்துப் போன் செய்தேன். அது கெட்டுப்போன ஒயின், தப்பு என்மேல், மறுபடி வர வேண்டும் என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். உயர்ந்த ஒயின் என்றால் அப்படித்தான் இருக்கும் போல, நமக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே வீடு போனார்களாம். இதைவிட என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

மே 10, சனி

இரண்டாவது சனிக்கிழமை. இவள் முகர்கிறாள், நான் ஊற்றுகிறேன். வாரத்துக்கு வேண்டிய பாட்டில்களை எல்லாம் ஊசிச் சொட்டில் சேர்த்துப் பார்த்துவிடுகிறாள். உங்கள் மூக்கு திரும்பி வரும்வரை இப்படியே இருக்கட்டும் என்பது முதலாளியம்மா ஏற்பாடு.

சமையலறையில் எனக்குப் பெயர் மாறிவிட்டது. மூக்கு என்றால் இப்போது இவள்தான். என்னைக் ‘காது’ என்கிறார் செஃப். பெண்டாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பதால்.

ஆறாம் மேசை ஜோடியும் இன்று வந்தார்கள். இவள் தேர்ந்தெடுத்த பாட்டில். அந்தப் பையன் இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளாஸைத்தான் பார்த்தான்.

மே 31, சனி

மதியக் கூட்டம் கலைந்த பிறகு பின்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இவள் சொன்னாள்: “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல சனிக்கிழமை நாம ஒண்ணா சாப்பிட்டதே இல்ல. தெரியுமா?”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். சனிக்கிழமைதான் எனக்கு வேலை அதிகம். மகன் இருந்தவரை அவனோடு சாப்பிட்டாள். அவன் வேலைக்கு வெளியூர் போய் நாலு வருஷம். இந்த நாலு வருஷமாகச் சனிக்கிழமை தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தது நான் மட்டும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ். ஒன்றும் இல்லை.

ஜூலை 5, சனி

ஏழாம் மேசைக்கு ஒரு போர்தோ. பதினான்கு வருஷம். கார்க்கை இழுத்தேன், கொஞ்சம் ஊற்றினேன். இவளிடம் நீட்டுவதற்கு முன்னால், பழக்க தோஷம், கிளாஸை என் மூக்கடிக்குக் கொண்டுபோய்விட்டேன்.

மழையில் நனைந்த அட்டைப்பெட்டி.

அப்படியே நின்றுவிட்டேன். மறுபடி முகர்ந்தேன். ஈர அட்டை, நாறுகிறது, சந்தேகமே இல்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு இந்த உலகத்தில் எனக்கு முதலில் வந்த வாசனை ஒரு கெட்டுப்போன பாட்டில். அதைத் தூக்கி முத்தம் கொடுத்திருப்பேன்.

இவள் கிளாஸை வாங்கினாள். ஒரே மோப்பம்.

“அட்டை” என்றாள்.

“அப்படியா?” என்றேன். வேறு பாட்டில் எடுக்கக் கிடங்குக்குப் போனேன். படியில் இறங்கும்போது ஈரச் செங்கல், பழைய மரம். மேலே ஏறி, மறுபடி ஒரு தடவை இறங்கினேன்.

நாலு மணிக்கு ஸ்கூட்டரில் வீடு திரும்பினோம். அவள் ஓட்ட, நான் பின்னால். அவள் தோளில் இஸ்திரி போட்ட பருத்தித் துணியின் சூடு, சோப்பு, கொஞ்சம் ஸ்பிரிட். இந்த வாசனைக்கு நானே ஒரு பெயர் யோசித்தேன், கிடைக்கவில்லை. அவளைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்.

“என்ன, ரொம்ப ஒட்டி உட்கார்ந்திருக்கீங்க?” என்றாள். காற்று அடிக்கிறது என்றேன்.

சொல்லிவிட வேண்டும். முதலாளியம்மாவிடமும் சொல்ல வேண்டும். ஒரு தடவை மறைத்துப் பட்டதே போதும்.

அடுத்த சனிக்கிழமைப் பின்படிச் சாப்பாடு மட்டும் கழியட்டும்.